ஆறு கிலோ நானூறு கிராம்

இருபத்திரண்டு வருட வேலைக்குக் கணக்கு முடித்து அப்பாவிடம் பதினெட்டுப் பொம்மைகளைக் கொடுத்தார்கள்.

விளையாட்டுப் பொம்மைகள் இல்லை. துணிக்கடைக் கண்ணாடிக்குப் பின்னால் சட்டை மாட்டிக்கொண்டு நிற்குமே, ஆள் உயரத்துக்கு, ஃபைபரில் செய்த வெள்ளைப் பொம்மைகள். எங்கோ ஒரு பெரிய கடை மூடியபோது அங்கிருந்த இரும்புச் சாமானோடு சேர்த்து, அப்பா வேலை பார்த்த பழைய இரும்பு யார்டின் முதலாளி மொத்தமாக எடுத்த சரக்கு. ரேக்கு, கம்பி, கொக்கி எல்லாம் உருக்க அனுப்பியாயிற்று. ஃபைபரை எவனும் உருக்க மாட்டான். யார்டின் மூலையில் எட்டு மாதம் மழையில் குளித்து வெயிலில் காய்ந்து நின்றன.

அதற்குள் யார்டுக்குப் புது எடைமேடை வந்துவிட்டது. லாரி ஏறி நின்றால் திரையில் எண் விழும், ரசீது தானாக வெளியே வரும். தராசுக்குப் பக்கத்தில் எடை போட அப்பா மாதிரி ஆள் தேவையில்லை. முதலாளி அப்பாவைக் கூப்பிட்டு, "கையில இப்ப காசா ஒண்ணும் இல்ல. அந்தப் பொம்மைங்கள எடுத்துக்க. ஒண்ணு ஆயிரத்துக்குக் கொறயாது. உன் பொண்ணுதான் படிச்சிருக்கே, நெட்டுல போட்டு வித்துடும்" என்றார். அப்பா தலையாட்டிவிட்டு வந்தார். அவற்றை ஏற்றி வந்த லாரிக்காரனுக்கு வாடகையையும் தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மற்றதையெல்லாம் மகளால் பொறுத்துக்கொள்ள முடிந்தது. அந்த வாடகையைத்தான் முடியவில்லை.

"நீ ஏன்ப்பா குடுத்த? குப்பையத் தூக்கிட்டு வந்ததுக்கு நீ கூலி வேற குடுப்பியா?"

"பேசிப் பாத்தேம்மா."

"எங்க பேசின? தலையத்தான் ஆட்டியிருப்ப."

அப்பா அதற்கும் தலையைத்தான் ஆட்டினார்.

வீடு இரண்டே அறை. முன்னறையில் பதினெட்டுப் பேரும் நின்றபிறகு மனிதர்கள் பக்கவாட்டில்தான் நடக்க முடிந்தது. பாதிக்குத் தலை கிடையாது. தலை இருந்தவற்றுக்கு முகம் கிடையாது. அப்பாவுக்குக் கூச்சம். எல்லாவற்றுக்கும் பழைய போர்வையைக் கிழித்துச் சுற்றிவிட்டார். ஆபீஸ் ஒன்றில் தரை துடைக்கும் வேலையை முடித்து வந்த அம்மா, வாசலிலேயே நின்று எண்ணிப் பார்த்தாள்.

"பையன் பெக்கல, மருமக வரமாட்டான்னு நெனச்சேன். ஒரே நாள்ல பதினெட்டு. எவளும் ஒரு தட்டுக் கழுவமாட்டா போல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சொல்லிவிட்டு உள்ளே போய் வெகுநேரம் வெளியே வரவில்லை.

மகளை யார்டில் எல்லோரும் "டிகிரி" என்றுதான் கூப்பிடுவார்கள். "என்ன டிகிரி, வேலை கெடச்சுதா?" என்று கேட்பதற்காகவே வைத்த பெயர். அந்த வம்சத்தில் முதல் பட்டம் அவளுடையது. பட்டம் வாங்கி ஒன்றரை வருடம். நாற்பத்தொரு இடத்துக்கு எழுதிப் போட்டு, மூன்று இடத்தில் கூப்பிட்டு, மூன்றிலும் "தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டு அனுப்பினார்கள். இருந்தால் அவள் ஏன் அங்கே வந்து உட்கார்ந்திருக்கப் போகிறாள்.

முதலில் ஊரில் உள்ள துணிக்கடைகளில் ஏறி இறங்கினாள். சின்னக் கடைக்காரர்கள் ஹேங்கரே போதும் என்றார்கள். பெரிய கடைக்காரர்கள் புதுசாக வாங்கிக்கொள்வோம் என்றார்கள். கடைசியில் ஏல சைட்டில் கணக்குத் திறந்தாள். வாங்குகிறவர்கள் எங்கெங்கோ இருந்து விலை கேட்பார்கள். ஏழு நாள் முடியும்போது அதிகம் கேட்டவருக்குப் பொருள். பணத்தை சைட்டே வாங்கி வைத்துக்கொண்டு, பொருள் போய்ச் சேர்ந்தபிறகுதான் விற்றவருக்குத் தரும். விற்பவர் முன்கூட்டியே சொல்ல வேண்டியது இரண்டு: ஆரம்ப விலை, வாங்குகிறவர் தர வேண்டிய அனுப்பும் கூலி. ஏலம் தொடங்கியபின் இரண்டையும் மாற்ற முடியாது.

ஆரம்ப விலையைத் தொண்ணூற்றொன்பது என்று போட்டாள். அப்பா எட்டிப் பார்த்தார்.

"நூறுன்னே போட்டா என்ன?"

"தொண்ணூத்தொம்பதுன்னா ஜனங்க சட்டுனு அமுக்குவாங்கப்பா."

"ஒண்ணு கொறச்சா ஏமாந்துடுவாங்களா?"

"நாமளும் அப்படித்தானே செருப்பு வாங்குறோம்."

அப்பா தன் செருப்பைப் பார்த்தார்.

அனுப்பும் கூலியில்தான் விஷயமே இருந்தது. பழம் தின்று கொட்டை போட்ட வியாபாரிகள் பொருளின் விலையை ஒன்று என்று போட்டுவிட்டு, கூலியில் ஆயிரம் வைத்துவிடுவார்கள். வாங்குகிறவன் விலையைப் பார்த்துக் கை வைப்பான், கூலியைக் கடைசியில்தான் பார்ப்பான். அவள் இதைச் சொன்னபோது அப்பாவின் முகம் மாறியது.

"அது தட்டுல விரல் வெக்கிறதும்மா. வேணாம். என்ன ஆவுதோ அத மட்டும் போடு."

யார்டில் அப்பாவுக்கு இருந்த ஒரே மரியாதை அதுதான். தராசுத் தட்டில் விரல் வைக்காத ஆள். முதலாளிக்காகவும் வைக்கமாட்டார், சாக்குமூட்டையோடு வரும் கிழவிக்காகவும் வைக்கமாட்டார். தராசு தேவைப்படாத கையும் அவருக்கு இருந்தது. ஒரு பொருளை வலது கையால் தூக்கி, ஒருமுறை மேலும் கீழும் அசைத்து, எடை சொல்லிவிடுவார். ஐம்பது கிராம்கூடப் பிசகாது.

கூரியர் கம்பெனியின் கட்டணப் பக்கத்தை அவள் வரி வரியாகப் படித்தாள். படிக்கத் தெரிந்த ஒரே ஆள் வீட்டில் அவள்தான் என்பதால், மருந்துச் சீட்டிலிருந்து கரண்டு பில் வரைக்கும் எதையும் வரி விடாமல் படிப்பது அவளுடைய வேலை. கிலோவுக்கு ஐம்பது. அதற்குக் கீழே, பொடி எழுத்தில், ஒரு வரி. "எடை, பெட்டியின் அளவு, இரண்டில் எது அதிகமோ அதற்கே கட்டணம்." நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி ஐயாயிரத்தால் வகுத்து, வருவதைக் கிலோவாக எடுத்துக்கொள்ள வேண்டுமாம். அவள் அம்மாவின் டேப்பைத் தேடி எழுந்தாள்.

அப்போதுதான் அப்பா ஒரு பொம்மையை இடுப்பில் கழற்றி, மேல்பாதியைக் கையில் தூக்கினார்.

"ரெண்டு தொள்ளாயிரம்."

கீழ்ப்பாதியைத் தூக்கினார். "மூணரை. ஆக ஆறு நானூறு. அட்டைப்பெட்டி ஒரு அரைக்கிலோ வெச்சுக்க. ஏழுக்குள்ள அடங்கிடும்."

"எல்லாமே ஒரே எடையா இருக்குமா?"

"ஒரே அச்சும்மா. கை நீட்டுறதுலதான் வித்தியாசம்."

கீழ்வீட்டு மளிகைக் கடையின் மின்தராசில் வைத்துப் பார்த்தார்கள். ஆறு புள்ளி நான்கு பூஜ்யம் பூஜ்யம். மளிகைக்காரர் வாயைப் பிளந்து, "மெஷினுக்கே நீங்க சொல்லித்தரணும் போல" என்றார். அப்பா சிரித்தார். வேலை போன நாளிலிருந்து அவர் சிரித்து அவள் பார்க்கவில்லை. மாடிப்படி ஏறும்போது இரண்டு பாதிகளையும் தோளில் போட்டுக்கொண்டு, மூச்சு வாங்காமல், "ஆறு நானூறு" என்று தனக்குத்தானே இன்னொரு முறை சொல்லிக்கொண்டார்.

அவள் டேப்பைத் தேடவில்லை. தேடினால் இவர் சொன்னதைச் சரிபார்ப்பது போலாகிவிடும் என்று தோன்றியது. அவ்வளவுதான் காரணம். வெட்கக்கேடு, ஆனால் அவ்வளவுதான். அனுப்பும் கூலி என்ற கட்டத்தில் ஏழு கிலோவுக்கு முந்நூற்றைம்பது என்று தட்டினாள். பதினெட்டுக்கும் பதினெட்டு முறை.

ஞாயிறு மாலை நான்கு மணிக்கு எல்லா ஏலங்களும் முடிந்தன. கடைசி அரைமணி நேரம் மூன்று பேரும் போனைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். எண்கள் ஏறிக்கொண்டே இருந்தன. நானூறு. நானூற்றறுபது. கை நீட்டியிருந்த ஒன்று எழுநூறைத் தொட்டது. "இப்ப எவ்ளோ?" என்று அப்பா நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டார். முதலாளி சொன்ன ஆயிரத்தில் பாதிதான். ஆனாலும் பதினெட்டும் போயின. எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரத்துச் சொச்சம். அம்மா பக்கத்தில் நின்ற தலையில்லாத பொம்மையின் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

"சும்மா சொல்லக்கூடாது. என் மருமகளுங்க சம்பாதிக்கிறாளுங்க."

மறுநாள் காலை முதல் இரண்டு பெட்டிகளை அப்பாவும் மகளும் கூரியர் கடைக்குத் தூக்கிப் போனார்கள். கை, கால், இடுப்பு எல்லாம் கழற்றி, எவ்வளவு நெருக்க முடியுமோ அவ்வளவு நெருக்கி அடுக்கியிருந்தார்கள். ஆனாலும் கால் கால்தானே, மடங்காது. கவுண்டரில் இருந்த பெண் பெட்டியைத் தராசில் வைக்கவேயில்லை. கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்தாள்.

"நீளம் நூறு. அகலம் நாப்பது. உயரம் முப்பத்தஞ்சு. இருபத்தெட்டு கிலோ. ஆயிரத்து நானூறு."

அப்பா சிரித்தார். விளையாடுகிறாள் என்று நினைத்துவிட்டார்.

"தூக்கிப் பாரும்மா. ஏழுகூட வராது."

"தூக்கவே தேவையில்லங்க. வண்டியில எடம் புடிக்குதுல்ல. எடத்துக்குத்தான் காசு."

"உள்ள வெறும் காத்தும்மா."

"காத்துக்கும் எடம் வேணும்ல."

"இருபத்திரண்டு வருசமா எடை போடுறேன். காத்துக்கு எடை போட்டவங்கள நான் பாத்ததில்ல."

"நான் தெனமும் போடுறேன்" என்றாள் அந்தப் பெண். கெட்டவள் இல்லை. பின்னால் எட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள், அவ்வளவுதான். "அடுத்தது யாருங்க?"

கணக்கு மகளின் மண்டைக்குள் முடிந்துவிட்டிருந்தது. ஒவ்வொரு பொம்மைக்கும் ஆயிரத்து ஐம்பது கையிலிருந்து போட வேண்டும். விற்ற விலையோ ஐந்நூறு. பொம்மையையும் கொடுத்து, கூடவே அதே அளவு பணத்தையும் கொடுத்தனுப்ப வேண்டும். லாரிக்காரனுக்கு வாடகை கொடுத்த கதைதான், பதினெட்டு மடங்கு.

திரும்பி வரும் வழியில் அப்பா பெட்டியை இறக்கி வைத்துவிட்டு நடைபாதையில் நின்றார்.

"என் தப்பும்மா. ஏழுன்னு நாந்தான் சொன்னேன்."

அவள் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நீ சொன்னது சரிதான்ப்பா, ஏழேதான், நான்தான் படித்துவிட்டும் விட்டுவிட்டேன் என்று. "சைட்டுல பேசிப் பாக்குறேன்" என்று மட்டும் சொன்னாள்.

பேசிப் பார்த்தாள். கூலியை ஏற்ற முடியாது என்றது சைட். வாங்கியவர்களில் மூன்று பேரிடம் கூடுதல் கூலி தர முடியுமா என்று கெஞ்சிக் கேட்டாள். ஒருவர் பதிலே போடவில்லை. ஒருவர் "ஏமாத்துக்காரி" என்று எழுதினார். இன்னொருவர் சைட்டிடம் புகார் கொடுத்துவிட்டார். அப்பாவுக்குத் தெரிந்த சரக்கு லாரிக்காரர்கள் மலிவாகக் கொண்டுபோவார்கள்தான், ஆனால் கூரியர் எண் இல்லாமல் சைட் பணம் தராது. விற்பனையை ரத்து செய்தால் பொம்மைக்கு இருநூறு அபராதம், அம்மாவின் சம்பளம் வந்து விழும் வங்கிக் கணக்கிலிருந்து தானாக எடுத்துக்கொள்வார்கள். அம்மாவின் கணக்கைக் கொடுத்தவளும் அவள்தான். எல்லாவற்றுக்கும் மூன்று நாள் கெடு. அதில் ஒன்று போய்விட்டது.

அபராதம் இல்லாத காரணம் ஒன்றே ஒன்று இருந்தது. "பொருள் உடைந்துவிட்டது." போட்டோ வேண்டும்.

அவள் ஒரு பொம்மையின் கையை மட்டும் கழற்றிக் கீழே போட்டுப் படமெடுத்து அனுப்பினாள். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. சரிசெய்யக்கூடிய பழுது, ஏற்கப்படவில்லை.

இதை அவள் உரக்கப் படித்தபோது அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

"அதாவது?"

"நெசமாவே ஒடஞ்சிருக்கணும். ஒவ்வொண்ணும்."

"ஒண்ண ஒடச்சு பதினெட்டு தடவ எடுத்தா?" என்றாள் அம்மா.

"ஏலத்துல போட்ட படத்தோட ஒத்துப் பாப்பாங்கம்மா. ஒவ்வொண்ணும் வேற வேற மாதிரில்ல நிக்குது."

அம்மா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். பையை மாட்டிக்கொண்டு, வாசல்வரை போய், திரும்பி வந்து, வழியில் நின்ற ஒன்றின் போர்வையைச் சரிசெய்துவிட்டுப் போனாள்.

பகல் பதினோரு மணிக்கு மொட்டை மாடியில் வேலை தொடங்கியது. அப்பா சுத்தியலைக் கொண்டுவந்தார். போர்வையால் மூடி அடித்தார், தூள் பறக்காமல் இருக்க. ஃபைபர் அவ்வளவு லேசில் உடைவதில்லை. முதல் அடிக்குத் திருப்பி எகிறும். நாலாவது அடியில் விரியும். ஏழாவதில் நொறுங்கும். அடித்து முடித்ததும் போர்வையை விலக்குவார், அவள் படமெடுப்பாள், அடுத்தது. பொடி முழங்கை வரைக்கும் ஏறி அரித்தது. பக்கத்து மாடியில் துணி காயப்போட வந்த பெண்மணி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஈரத்துணியோடு இறங்கிப் போய்விட்டார்.

எட்டாவது முடிந்தபோது அப்பா சுத்தியலைத் தரையில் ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"பொய் சொல்றோம்ல" என்றார்.

"ஒடஞ்சதுதானேப்பா. படத்துல ஒடஞ்சுதானே இருக்கு."

"ம். விரல் வெச்சுத்தான் எடை காட்டுறோம்."

அவளால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"அப்பா. அந்த அளவு ரூல நான் முன்னாடியே படிச்சிருந்தேன். ஏலத்துல போடுறதுக்கு முன்னாடியே."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "எந்த ரூலு?"

"காத்துக்குக் காசு வாங்குற ரூலு. டேப்பத் தேடிட்டிருந்தேன். நீ ஆறு நானூறுன்னு சொன்ன. அதான், அப்படியே விட்டுட்டேன்."

"படிச்சியா?"

"படிச்சேன்."

"படிச்சிட்டு, என் பேச்ச எதுக்கு எழுதின?"

அவளுக்குப் பதில் இருந்தது. நீ சிரித்தாய், அதனால் என்பதுதான் அது. சுத்தியலோடு நிற்கும் மனிதனிடம் அதைச் சொல்ல முடியுமா. அவர் திட்டியிருந்தால் பரவாயில்லை. கையை ஓங்கியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் தன் வலது உள்ளங்கையைப் பார்த்தார். ஃபைபர் முள் ஏறிச் சிவந்திருந்தது. பிறகு ஒன்பதாவது பொம்மையைக் கிடத்திப் போர்வையைப் போட்டார்.

மாலைக்குள் பதினெட்டும் முடிந்தன. அவள் படங்களை ஒவ்வொன்றாக அனுப்பினாள். இந்த முறை சைட் எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டது. வாங்கியவர்களுக்குத் தானாகச் செய்தி போயிற்று: பொருள் உடைந்துவிட்டது, பணத்தைத் திரும்பப் பெறலாம், அல்லது உள்ளபடியே வாங்கிக்கொள்ளலாம். பதினேழு பேர் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

பதினெட்டாவது ஆள் ஒரு தையல்காரி. நானூற்றுப் பத்துக்கு எடுத்திருந்தாள். கடை திறக்கப் போகிறேன், வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும், பார்த்துப் பேக் பண்ணுங்கள் என்று ஏலம் முடிந்த அன்றே எழுதியிருந்தாள். இப்போது "உள்ளபடியே" என்பதை அமுக்கியிருந்தாள்.

மகள் அவசரமாக எழுதினாள். "அக்கா, வேணாம். கை கால் மட்டும் ஒடயல. சுக்குநூறா போச்சு. ஒட்டவே முடியாது."

பதில் உடனே வந்தது. "நான் தையல்காரிம்மா. துண்டு துண்டா கெடக்குறத ஒண்ணாக்குறதுதான் என் பொழப்பு. கழுத்துலேர்ந்து இடுப்பு வரைக்கும் நின்னா போதும், சட்டை மாட்டிடுவேன். புதுசு வாங்க வழியில்ல. அனுப்பு."

ஒன்பதாவது பொம்மை அது. குவியலிலிருந்து மகள் அதன் துண்டுகளைத் தனியாகப் பொறுக்கினாள். மளிகைக் கடையில் ஒரு சோப்புப் பெட்டி வாங்கி வந்து அடுக்கினாள். முதுகுத் துண்டின் குழிவுக்குள் வயிற்றுத் துண்டு உட்கார்ந்தது, அதற்குள் தொடை, அதற்குள் விரல்கள். ஒரு முழு மனுஷி சோப்புப் பெட்டிக்குள் அடங்கிவிட்டாள். ஒட்டுவதற்கு ஏதுவாக நல்ல துண்டுகளை மேலே வைத்தாள். அது யாரை ஏமாற்ற என்று அவளுக்கே தெரியவில்லை.

டேப் ஒட்டி முடித்து, அப்பாவின் முன்னால் வைத்தாள்.

"எவ்ளோப்பா இருக்கும்?"

அவர் பெட்டியைத் தொடவில்லை.

"எனக்கென்ன தெரியும். மெஷின்ல போட்டுப் பாத்துக்க."

காலையில் தனியாகத்தான் போனாள். கவுண்டரில் அதே பெண். கழுத்து டேப்பை எடுத்து மூன்று பக்கமும் வைத்துப் பார்த்தாள். ஐம்பது, முப்பத்தைந்து, இருபது.

"ஏழு" என்றாள். பிறகு ஏதோ சந்தேகத்தில் பெட்டியைத் தராசிலும் வைத்தாள். "எடைக்கும் ஏழு. ரெண்டும் ஒண்ணா வந்து நான் பாத்ததே இல்லங்க. யாருங்க பேக் பண்ணது?"

அவள் முந்நூற்றைம்பதை எண்ணி வைத்தாள். ஏலத்தில் போட்ட அதே கூலி. ஒரு காசு கூடவில்லை, குறையவில்லை.

"உள்ள என்ன? ஒடயுற சாமானா? ஸ்டிக்கர் ஒட்டட்டுமா?"

"வேணாம்" என்றாள்.

ரசீதை மடிக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். எடை என்ற இடத்தில் ஏழு என்று அச்சாகியிருந்தது. அப்பா மொட்டை மாடியில் மிச்சத்தை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். குப்பை வண்டிக்காரர் ஃபைபருக்குத் தனிக்கூலி கேட்டிருக்கிறார் என்று அம்மா சொன்னாள். மூட்டைக்கு இவ்வளவு என்று.

அவள் படியேறி, ரசீதை நீட்டினாள். அவர் மூட்டையின் வாயை இறுக்கிக் கட்டியபடி, "படிச்சுச் சொல்லு" என்றார்.

"ஏழுப்பா."

"ம்" என்றார். மூட்டையைத் தூக்கவில்லை, தரையோடு இழுத்துக்கொண்டே படியிறங்கினார்.